குப்பைக் கிடங்கருகே ஓர் உறைகிணறு

முதுகலை ஆய்வுக்காகச் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மாட்ஃப்ளோ மென்பொருளில் கணினி மாதிரி அமைத்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டி எழுந்த மலை அது. கசிவைத் தடுக்க அடியில் விரிப்பு எதுவும் கிடையாது.

மழைக்கால அளவுகள் மாதிரியோடு நன்றாகப் பொருந்தின. மே மாதம் கிணறுகளில் அளவுநாடாவை இறக்கினால், ஒரு தெருவில் மட்டும் நீர்மட்டம் மாதிரி சொன்னதைவிட இரண்டு மீட்டர் கீழே கிடந்தது. அளவெடுத்ததில் பிழை என்று எண்ணி மறுபடி போனேன். ஒரு வீட்டு அம்மா உறைகிணற்றின் மூடியை நகர்த்தியபடியே, "விடியற்காலை நான்கு மணிக்கு வந்து பாருங்கள் தம்பி" என்றார்.

போனேன். தெருக்கோடியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் லாரிகள் வரிசையாக நிரப்பிக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உறையில் ஈரக்கோடு மேலே நிற்க, பொழுது விடிவதற்குள் தண்ணீர் ஓர் உறை இறங்கிவிட்டது.

வீட்டு மோட்டார்களைத் தவிர வேறு இறைப்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்ததும் மாதிரியில் நீரோட்டத்தைக் காட்டும் அம்புக்குறிகள் திரும்பிவிட்டன: சதுப்பை நோக்கிப் போன நீர், கோடையில் கிடங்கின் பக்கமிருந்து அந்தத் தெருவுக்கு வந்தது. நீர்மட்டம் எங்கே சரிகிறதோ அங்கே நீர் போகும் என்ற, பிரெஞ்சுப் பொறியாளர் டார்சியின் 1856ஆம் ஆண்டு விதியை மனப்பாடமாக ஒப்பிப்பேன். லாரிக்காரரின் மோட்டாரும் அந்தச் சரிவை உண்டாக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பவள். வடசென்னையில் கொடுங்கையூர்க் கிடங்குப் பக்கத்துக் கிணறு ஒன்றில் குளோரைடு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு ஏற்ற அளவு 250தான். உடனே 'கசிவுநீர்', அதாவது குப்பையில் ஊறி இறங்கிய நீர், என்று எழுதிவிட்டேன். கடலோர மண்ணில் உப்புநீரும் அதே குளோரைடைத்தான் காட்டும் என்று மூத்தவர் ஒருவர் திருப்பி அனுப்பினார்.

அன்று முதல் பொட்டாசியத்தையும் சேர்த்தே பார்க்கிறேன். கடல்நீரில் அது குளோரைடில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். கசிவுநீரில் விகிதம் பன்மடங்கு கூடும். ஆனால் களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அது குறைவாக இருந்தாலும் கிணறு தப்பிவிட்டது என்று நான் எழுதுவதில்லை, கசிவுநீரின் இன்னோர் அடையாளமான அம்மோனியாவையும் பார்ப்பேன். அந்த உறைகிணற்றில் இவற்றைச் சோதித்தீர்களா?

*

இல்லை அக்கா. நீர்மட்டத்தோடு நிறுத்திவிட்டேன். அந்த அம்மா இன்னும் அதே தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுகிறார். இந்த மே மாதம் குப்பிகளோடு போகிறேன். எப்படி எடுத்து வர வேண்டும் என்று சொல்லுங்கள்.