மறு: ரிப்பிள் டிலீட், தமிழில் என்ன?

வணக்கம்.

காணொளித் தொகுப்பில் ஒரு துண்டை நீக்கியதும் பின்னால் இருப்பவை முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்வதுதான் ரிப்பிள் டிலீட். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு, போன வாரம் நண்பர் ஒருவர் "அலைநீக்கம்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. கேட்டவுடன் ஒலியிலிருந்து இரைச்சலை எடுக்கும் கருவி என்றுதான் தோன்றுகிறது. அதோடு, அலை என்றால் போய்த் திரும்பும். இங்கே நகர்ந்தது நகர்ந்ததுதான்.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில், ஈசூனில் சனிக்கிழமைகளில் பெரியவர்கள் சிலருக்குக் காணொளித் தொகுப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வெட்டு, தடம், காலக்கோடு எல்லாம் முதல் வகுப்பிலேயே பழகிவிட்டன. இடறுவது இங்கேதான்.

அக்கா ஒருவர் லிட்டில் இந்தியாவில் பொங்கலன்று எடுத்த காட்சியைக் கொண்டுவந்தார். ஒலியை அவர் தம்பி இன்னொரு கைப்பேசியில் தனியாகப் பதிவு செய்திருந்தார். இரண்டையும் பொருத்திவிட்டோம். அப்புறம், கேமராவுக்குக் குறுக்கே யாரோ நடந்துபோன நான்கு நொடியை அக்கா நீக்கினார். காட்சித் தடம் முன்னால் நகர்ந்தது, ஒலித் தடம் நின்ற இடத்திலேயே நின்றது. பால் பொங்கி வழிந்து அடுப்பு நனைந்து நான்கு நொடி கழித்துத்தான் "பொங்கலோ பொங்கல்" என்று கூட்டம் கத்துகிறது! வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் இங்கதானே வெட்டினேன், அங்க ஏன் கெட்டுப்போச்சு?"

நாம் வைக்கும் பெயர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். படச்சுருள் காலத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்), நொடிக்கு 24 சட்டகம். நான்கு நொடி என்றால் ஆறு அடி. வெட்டி ஒட்டினால் மிச்சச் சுருள் தானாகவே முன்னால் வந்துவிடும். ஒலிச்சுருளிலும் அதே ஆறு அடியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் படத்தில் வெற்றுச்சுருள் ஆறு அடி சேர்க்க வேண்டும். கையில் அளந்தவர்களுக்கு அது மறக்காது.

"நகர்நீக்கம்" என்றும் யோசித்தேன். ஊரையே இடிக்கக் கிளம்பியது மாதிரி இருக்கிறது, வேண்டாம்.

பூக்கடையில் நின்றபோதுதான் பிடிபட்டது. நாரில் கட்டிய சரத்திலிருந்து ஒரு பூவை உருவினால் அந்த இடம் பல் போன வாய்தான். ஊசியில் கோத்த மாலையில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விரலால் தள்ளி நெருக்கிவிடலாம். ஆகவே என் முன்மொழிவு: நெருக்கி நீக்கு. ஷாட்கட் மென்பொருளில் எக்ஸ் விசை செய்வது இது. இசட் விசை வெற்றிடத்தை அப்படியே விடும், அதற்கு இடம்விட்டு நீக்கு.

*

அண்ணே, வணக்கம்.

> என் முன்மொழிவு: நெருக்கி நீக்கு

"நெருக்கி" என்றதும் கோப்பின் அளவைக் குறைப்பது என்று நினைத்துவிட மாட்டார்களா? அப்புறம், நான் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் பேக்ஸ்பேஸ் தட்டினால் வெற்றிடம் இருக்கும், டெலீட் தட்டினால் மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் "நீக்கு" பொதுவாக இருந்தால் புதியவர்கள் குழம்புவார்களே. ஒன்றை "நீக்கு" என்றும் மற்றதை "எடு" என்றும் பிரித்துவிடலாமா?

*

தம்பி, கோப்பின் அளவைக் குறைப்பதற்குச் "சுருக்கு" இருக்கிறது, அது நன்றாக ஊன்றிவிட்டது. அதனால் அந்தப் பயம் எனக்கில்லை.

"எடு" வேண்டாம் என்பேன். துண்டு போவது இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் மிச்சமிருப்பவை என்ன ஆகின்றன என்பதில். அந்த வித்தியாசம் முன்சொல்லில் தெரிந்தால் போதும். இன்னொரு வசதியும் இருக்கிறது, நேற்றுதான் கவனித்தேன். புதுத் துண்டை நடுவே நுழைத்து மற்றதைப் பின்னுக்குத் தள்ளுவதை "விலக்கிச் செருகு" என்று சொல்லிவிடலாம். எம்ஆர்டி ரயில் இருக்கையில் நடப்பதுதானே. ஒருவர் எழுந்தால் நெருங்கி உட்காருவோம், ஒருவர் வந்தால் விலகி இடம் கொடுப்போம்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். எல்லாத் தடமும் நகருமா, ஒரு தடம் மட்டும் நகருமா என்பதை இந்தச் சொல் சொல்லாது. அக்காவுக்கு நடந்த விபத்தே அதுதான். "முழுதும் நெருக்கி நீக்கு" என்றால் மென்பொருளின் கட்டளைப் பட்டியலில் நீளம் இடிக்கிறது. யாரிடமாவது குட்டிச் சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள், சனிக்கிழமை அக்காவிடமே கேட்டுப் பார்க்கிறேன்.