'விதைத்துகள்' வேண்டாம், 'ஊக்கித்துகள்' இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய குழாய்) வளர்க்கப் பயன்படும் உலோகத் துகளுக்கு 'விதைத்துகள்' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாடத்தில் அது நிற்காது.

காட்பாடியில் வேதியியல் எடுக்கிறேன். இந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதுமே ஒரு மாணவி கேட்டாள்: "சார், அப்போ இரும்புதான் குழாயா மாறுதா?" நியாயமான கேள்வி. படிகம் வளர்க்கப் போடும் விதைப்படிகம்கூட அதே பொருள்தானே! இங்கே நடப்பது வேறு. சிலிக்கான் தகட்டில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பூச்சு, அதன்மேல் 1 நானோமீட்டர் அளவில் இரும்புப் படலம். சூடேறியதும் படலம் உடைந்து துகள்துகளாகத் திரளும். 750 டிகிரி செல்சியஸ் வாக்கில் எத்திலீன் வாயுவைச் செலுத்தினால், அது துகளின்மேல் சிதைந்து கார்பனைத் தரும். அந்தக் கார்பன் இரும்பில் கரைந்து, மேலும் கரைய முடியாமல் தெவிட்டியதும் குழாயாக வெளிவரும். குழாய்ச் சுவர் முழுக்கக் கார்பன்தான். துகளின் அளவு குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கும், அவ்வளவே.

ஆகவே 'ஊக்கித்துகள்' என்போம். 'வினையூக்கி' பள்ளியிலேயே படித்த சொல் என்பதால் தனியாக விளக்க வேண்டியதில்லை. 'நானோ'வை 'நுண்' ஆக்கவும் வேண்டாம். நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று அது மைக்ரோவுக்குப் போய்விட்டது. கீழடிப் பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் ஒரே சொல்லாக இருந்தால்தான் நல்லது.

அப்புறம், குழாய் வளரும் இரண்டு விதங்களான டிப் குரோத், பேஸ் குரோத் இரண்டுக்கும் தமிழ்ச் சொல். துகளுக்குத் தளத்தோடு பிடிப்பு குறைவென்றால் குழாய் அதைத் தூக்கிக்கொண்டு போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் உச்சியில் கரும்பொட்டாகத் தெரியும். பிடிப்பு வலுவென்றால் துகள் அடியிலேயே தங்கிவிடும். குழாய் தலைமுடி போலக் கீழிருந்து நீளும். 'நுனிவளர்ச்சி', 'அடிவளர்ச்சி' போதும். 'வேர்வளர்ச்சி' என்றால் வேர் வளர்வதாகத்தான் படும்.

ஒன்றுக்கு மட்டும் சொல் தேவைப்படுகிறது. ஊக்கித்துகள்மேல் வேண்டாத கார்பன் படிந்து மூடிக்கொண்டால் வளர்ச்சி நின்றுவிடும். 2004இல் ஜப்பானில் கென்ஜி ஹட்டா குழுவினர் துளி நீராவி சேர்த்து அந்தப் படிவை நீக்கி, 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வளர்த்தார்கள். இப்படித் துகள் மூடிப்போவதை 'நஞ்சாதல்' என்பதா, 'முடக்கம்' என்பதா? கந்தகம் போல வெளிப்பொருள் வந்து கெடுப்பதற்கு நஞ்சு சரி. இதற்கு 'முடக்கம்' பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து