ஆச்சியின் அச்சம் பேரனுக்கும் வருமா?

பாளையங்கோட்டை வாசகி:
என் நான்கு வயது மகன் தாமிரபரணியில் ஒருமுறைகூட வழுக்கி விழுந்ததில்லை. ஆனாலும் குறுக்குத்துறைப் படித்துறையில் கால் நனைக்கும் முன்பே என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஆற்றைக் கண்டாலே பதறும் அவனுடைய ஆச்சியைப் பார்த்து இது வந்திருக்குமா?

அம்பாசமுத்திரம் ஆசிரியர்:
வந்திருக்கலாம், அம்மா. 1980களில் உளவியலாளர்கள் சூசன் மினெகாவும் மைக்கேல் குக்கும் நடத்திய ஆய்வுகளில், ஆய்வகத்தில் வளர்ந்து பாம்புக்கு அஞ்சாதிருந்த ரீசஸ் குரங்குகள், காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்தே தாமும் அஞ்சத் தொடங்கின. பூவைக் கண்டு மிரள்வதுபோல் தொகுத்த காணொளியைக் காட்டியபோதோ, பூவின்மீது அச்சம் ஏற்படவில்லை. கண்ணில் படும் எல்லா அச்சமும் ஒரே அளவில் ஒட்டிக்கொள்வதில்லை என்பதே இதில் முக்கியமாக எனக்குப் படுகிறது.

தென்காசி வாசகர்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாம்பருகே அமைதியாக இருக்கும் குரங்கை முதலிலேயே பார்த்திருந்தவற்றுள் பெரும்பாலானவை, பின்னர் மிரளும் குரங்கைப் பார்த்தும் அஞ்சவில்லை என்று அந்த ஆய்வாளர்களே 1986இல் வெளியிட்டனர். ஆகவே மகனை நீருக்குள் இழுக்காமல் மேல்படியில் உட்காரவைத்து, அவன் வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பிடித்துக் குளிப்பதைப் பார்க்க விடுங்கள்.

பாளையங்கோட்டை வாசகி:
ஆச்சியையும் அழைத்துச் செல்லலாமா?

அம்பாசமுத்திரம் ஆசிரியர்:
கூச்சலிடாமல் உட்கார அவர் இசைந்தால் அவசியம் அழைத்துச் செல்லுங்கள்; சுழல் உள்ள இடத்தை அவர் நிதானமாகச் சுட்டிக்காட்டினால், பேரன் அதையும் கற்றுக்கொள்வான்.