‘மலிவு விலை’ வேண்டாம், ‘குறைசெலவு’ என்போம்: விமானசேவைச் சொற்கள் குறித்து

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

தன் சுற்றுலாத்துறை மாணவர்களின் கையேட்டுக்காக நம் குழுவில் தங்கச்சி ஒருவர் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு நாலு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘லோ கொஸ்ற் எயார்லைன்’ (low-cost airline) என்பதற்கு மலிவு விலை விமானசேவை, குறைந்த கட்டண விமானசேவை, சிக்கன விமானசேவை, பட்ஜெட் விமானசேவை. முதல் இரண்டும் பத்திரிகைகளில் நன்றாகப் புழங்குகின்றன. ஆனாலும் அவற்றைக் கையேட்டில் ஏற்றக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மலிவு விலை, குறைந்த கட்டணம் இரண்டும் பயணி கொடுக்கிற காசைச் சொல்கின்றன. ‘கொஸ்ற்’ என்பது கம்பனிக்குப் பிடிக்கிற செலவு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தொழிலில் இறங்கியவர்கள் பலர் கம்பனியை இழந்திருக்கிறார்கள். நாளைக்கு இந்தத் துறைக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பாடமே பிழையான சொல்லில் தொடங்கக்கூடாது.

நான் யாழ்ப்பாணத்தில் ரிக்கெற் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். இங்குள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ பறக்கிறது, திருச்சிக்கு 2025 மார்ச் 30 முதல். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இண்டிகோ ஒரு லோ கொஸ்ற் கம்பனிதான். ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து இருக்கிற அம்மா விலையைக் கேட்டவுடன், “என்ன தம்பி, உந்தா இருக்கிற சென்னைக்கு இவ்வளவோ?” என்கிறா. திருவிழா, பள்ளிக்கூட விடுமுறை என்று சனம் கூடினால் விலை இன்னும் ஏறும். அந்த அம்மாவிடம் இது ‘மலிவு விலைச் சேவை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதேநேரம், விலை ஏறின கிழமையிலும் அந்தக் கம்பனி லோ கொஸ்ற் கம்பனியாகத்தான் இருக்கிறது. சொல் பொருந்தாத இடம் இதுதான்.

விலை ஏன் அப்படி என்பதையும் கையேடு விளக்கவேண்டும். இந்தத் தொழிலில் செலவை அளக்கிற அலகு, ஓர் இருக்கையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோகப் பிடிக்கிற காசு. ஓர் இருக்கை ஒரு கிலோமீற்றர் போவதை ‘இருக்கைக் கிலோமீற்றர்’ என்றே எழுதலாம், ஒருவருக்கும் விளங்காமல் போகாது. பலாலிக்கு வருகிற இண்டிகோவின் ஏரிஆர் (ATR) என்ற சின்ன விமானத்தில் 78 இருக்கை. சென்னைக்கு ஏறக்குறைய 360 கிலோமீற்றர். பெருக்கினால் 28,080 இருக்கைக் கிலோமீற்றர். 180 இருக்கை உள்ள ஏ320 விமானம் ஒன்று சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,900 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற சிங்கப்பூருக்குப் போனால் 5,22,000. இறங்குகிற கட்டணம், பொதி ஏற்றி இறக்குகிற கூலி, உயரத்துக்கு ஏறும்போது எரிகிற எரிபொருள் எல்லாம் ஒவ்வொரு பறப்புக்கும் உண்டு. சிங்கப்பூர் விமானத்துக்கு அவை கூடத்தான், ஆனால் பதினெட்டு மடங்கு கூட இல்லை. அதனால் குறுந்தூரத்தில் கிலோமீற்றருக்கான செலவு எப்போதும் உயரத்தில் நிற்கும். விமான நிலைய வரி வேறு. அதில் கம்பனி கை வைக்க முடியாது.

 

இனி, விலையைக் குறைத்துச் செலவைக் குறைக்காதவர்களின் கதை. இந்தியாவில் 2003 இல் தொடங்கிய எயார் டெக்கான் ஒரு ரூபாவுக்குக்கூட ரிக்கெற் விற்றது. முன்பு ரயிலில் மட்டும் போன சனத்தை விமானத்தில் ஏற்றிய பெருமை அதற்கு உண்டு, அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் நட்டம் தாங்கவில்லை. கிங்ஃபிஷர் அதை வாங்கியது. கிங்ஃபிஷரும் 2012 ஒக்ரோபரில் பறப்பை நிறுத்தியது. நம் நாட்டில் அரசு 2007 இல் தொடங்கிய மிஹின் லங்கா 2008 இல் நின்று, 2009 இல் மறுபடி பறந்து, நட்டத்தோடே ஓடி, 2016 இல் ஸ்ரீலங்கன் விமானசேவையோடு சேர்க்கப்பட்டது. எயார் டெக்கான், மிஹின் லங்கா இரண்டையும் ‘மலிவு விலை’ என்று சொல்லலாம். லோ கொஸ்ற் என்று சொல்ல முடியுமா என்று மாணவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டும். அந்தக் கேள்வி எழுவதற்குத் தமிழில் இரண்டு தனிச் சொற்கள் இருந்தாக வேண்டும்.

மறுபக்கம் அமெரிக்காவின் சவுத்வெஸ்ற். 1971 இல் நாலு போயிங் 737 வரை சேர்த்தார்கள். 1972 இல் காசு முடை, ஒன்றை விற்கவேண்டி வந்தது. நேர அட்டவணையைக் குறைக்காமல் மூன்று விமானத்தால் ஓட்ட என்ன வழி என்று பார்த்து, இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்றினார்கள். பயணிகள் ஒரு பக்கம் இறங்க, பொதி மறுபக்கம் இறங்க, துப்புரவும் எரிபொருளும் அதே நேரத்தில். விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் குத்தகைக் காசு ஓடிக்கொண்டிருக்கும், வரவு இருக்காது. 1973 முதல் 2019 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் அந்தக் கம்பனி இலாபம் காட்டியது. செலவைக் குறைப்பது என்றால் சாப்பாட்டை நிறுத்துவதும் பெட்டிக்குத் தனிக்காசு வாங்குவதும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரிய காசு மிஞ்சுவது இந்தத் தரை நேரத்தைக் குறைப்பதில்.

ஆகவே என் பரிந்துரை: குறைசெலவு விமானசேவை.

இந்தச் சொல்லைக் குழுவில் முதலில் சொன்னபோதே நம் மாஸ்டர் மறுப்பு எழுதியிருந்தார்:

> ‘குறை’ என்றால் ஊனம். குறைவேலை, குறைப்பிரசவம். சனம் அப்படித்தான் எடுக்கும்.

மாஸ்டர், அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் எழுத்துக்கூட்டலைக் கவனிக்கச் சொல்கிறேன். ‘குறைப்பிரசவ’த்தில் ப் மிகுகிறது, அங்கே குறை பெயர்ச்சொல். ‘குறைசெலவில்’ ச் மிகவில்லை. இது ஊறுகாய், தேய்பிறை போல வினைத்தொகை. முன்பு குறைந்த செலவு, இன்று குறைகிற செலவு, நாளைக்கும் குறையும் செலவு. தேய்பிறை ஒருநாளில் தேய்ந்து முடிவதில்லை. நல்ல கம்பனியில் செலவும் அப்படி நாளாந்தம் குறைக்கப்படுவதுதான். மூன்று காலத்தையும் ஒரு சொல்லுக்குள் அடக்க நம் இலக்கணம் இடம் தரும்போது அதை ஏன் விடவேண்டும்? யாராவது ‘குறைச்செலவு’ என்று ச் போட்டு எழுதினால் மட்டும் நீங்கள் சொல்கிற பொருள் வந்துவிடும். கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கவேண்டும்.

‘செலவு’ என்ற சொல்லிலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. செல் என்ற அடியிலிருந்து வந்தது, பழந்தமிழில் பயணத்துக்கே பெயர். அகப்பாட்டில் தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்குதல் என்பார்கள்.

‘சிக்கனம்’ நல்ல சொல்தான். ஆனால் விமானத்துக்குள் எக்கொனொமி வகுப்பைச் சிக்கன வகுப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், சிக்கன விமானசேவையின் சிக்கன வகுப்பு என்று எழுதப்போனால் குழம்பிப்போகும். ‘பட்ஜெட்’ என்றால் இங்கே பாராளுமன்றத்து வரவுசெலவுத்திட்டம்தான் நினைவுக்கு வரும்.

‘ஒரேவகை விமானசேவை’ என்று செயல்முறையை வைத்துப் பெயரிடலாம் என்ற கருத்தும் வந்தது. ஒரேவகை விமானம் வைத்திருந்தால் விமானிகளின் பயிற்சியும் உதிரிப்பாகமும் மிச்சம் என்பது சரி. ஆனால் ஏ320 வகையோடு வளர்ந்த இண்டிகோவே 2017 இல் சின்ன நகரங்களுக்காக ஏரிஆர் வாங்கியது. வாங்காவிட்டால் இன்று பலாலிக்கு வந்திருக்கவும் மாட்டாது. முறை மாறும், நோக்கம் மாறாது. பெயரை நோக்கத்தில் கட்டுவதே நல்லது.

தரை நேரத்துக்கு, அதாவது ‘ரேண் அரவுண்ட்’ (turnaround) என்பதற்கு, திருப்புநேரம் என்று வைக்கலாம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் மினிபஸ்காரர் பேசுவது இதே கணக்குத்தான்: வந்த பஸ்ஸை எவ்வளவு கெதியாகத் திருப்பி விடுகிறோமோ, அந்தளவுக்குக் கூட றிப் அடிக்கலாம். ‘லோட் ஃபாக்ரர்’ (load factor), அதாவது இருக்கைகளில் எவ்வளவு பங்கு நிரம்பியது என்பதற்கு, நிரம்பல் வீதம். வட்டிவீதம் என்று எழுதிப் பழகிய நமக்கு வீதம் இயல்பாக வரும். ‘சுமைக் காரணி’ என்று ஒருவர் போட்டதை நான் ஏற்கவில்லை, அது பொறியியல் பாடத்தில் வேறு பொருளில் வருகிறது. பெட்டி, சாப்பாடு, ஜன்னல் இருக்கைக்கு வாங்குகிற தனிக்காசுக்குத் துணைவரவு. ‘மேல்வரும்படி’ வேண்டவே வேண்டாம், அதில் லஞ்ச வாடை இருக்கிறது.

தங்கச்சி, சொல் நிற்குமா என்று பார்க்க வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. நான் எழுதிப் பார்த்தது:

“குறைசெலவு விமானசேவை ஒன்றின் கட்டணம் எப்போதும் மலிவாக இருக்கவேண்டும் என்பதில்லை. திருப்புநேரம் நீண்டால், நிரம்பல் வீதம் உயர்ந்திருந்தாலும் அது நட்டத்தில் ஓடலாம்.”

இதை உங்கள் மாணவர்கள் இரண்டு மூன்று பேருக்கு விளக்கம் சொல்லாமல் வாசிக்கக் கொடுங்கள். எந்தச் சொல்லில் தடக்குப்படுகிறார்கள் என்று எழுதினால், அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துப் பேசலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து