மூன்று கால், உடம்பே இல்லை: இது எந்த யோக்காய்?

கியோட்டோவில் கிதானோ தென்மாங்கு கோயிலில் மாதாமாதம் 25ஆம் தேதி கூடும் சந்தையில் ஒரு பழைய மரக்கட்டை அச்சுத் தாள் வாங்கினேன். அதில் இருக்கும் யோக்காய் (ஜப்பானிய நாட்டுக்கதைகளில் வரும் விசித்திரப் பிறவி) எதுவென்று பிடிபடவில்லை. விற்றவருக்கும் தெரியவில்லை.

அலைமேல் நிற்கிறது. குரங்கு முகம், சுற்றிலும் அடர்ந்த மயிர். உடம்பே கிடையாது, தலையிலிருந்தே மூன்று நீளக் கால்கள் இறங்குகின்றன. ஓரத்தில் பூச்சி அரித்த சில வரிகள்.

முதலில் அமாபியே என்றுதான் நினைத்தேன். 1846இல் ஹிகோ கடலில், இன்றைய குமாமோட்டோ பக்கம், தோன்றி 'கொள்ளைநோய் வந்தால் என் படத்தை வரைந்து காட்டுங்கள்' என்றதாமே, அதுதான். கொரோனா சமயத்தில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே அதன் படத்தைப் போட்டது. ஆனால் அதற்கு அலகும் செதிலும் உண்டு, இதற்கு இரண்டும் இல்லை. மனித முகமும் மாட்டு உடலும் கொண்ட குதானும் அல்ல. ஓவியர் தோரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட யோக்காய் படத்தொகுப்பையும் புரட்டியாயிற்று. பழைய எழுத்தைப் படிக்கும் மிவோ செயலிக்கு 'நோய்', 'படம்' இரண்டுதான் சிக்கின, மீதி எல்லாம் உளறல்.

அமாபியே போலவே நோயை முன்கூட்டிச் சொல்லும், குரங்கு போன்ற அமாபிக்கோ வகையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். இதே உருவத்தை வேறு தாளில் பார்த்தவர்கள் இருந்தால், இதன் பெயர் என்ன?