மார்க் 4 டாங்கி மாடல்: வாஷ் பூசிய மறுநாள் டிராக் கண்ணிகள் முறிகின்றன, பூசிய சேறும் பெயர்கிறது

கேள்வி

வணக்கம். முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கியை 1/35 அளவில் கட்டி வருகிறேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 6 பவுண்டர் பீரங்கிகள் கொண்ட, 'ஆண்' எனப்படும் வகை அது. 1917 நவம்பர் 20 அன்று பிரான்சின் காம்ப்ரே தாக்குதலில் இறங்கிய வண்டியாக அதைக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

டிராக் (டாங்கி ஓடும் சங்கிலிப் பட்டை) தனித்தனிக் கண்ணிகளாக வந்தது. ஒவ்வொன்றையும் அடுத்ததன் ஊசியில் அழுத்திப் பொருத்தி, உடலைச் சுற்றிக் கட்டினேன். கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததால் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு இழுத்து மாட்டினேன். பிறகு அக்ரிலிக் பழுப்பு வண்ணம் அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் பூசி, இரண்டு நாள் காயவிட்டேன். அதற்குப் பின், ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நன்றாகக் கரைத்த எனாமல் வாஷை (இடுக்குகளில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணத்தை) டிராக் முழுவதும் ஓடவிட்டேன். இடுக்குகளில் தேங்கிநின்றதைத் துடைக்கவில்லை, தேங்கினால் நிழல் ஆழமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தபோது இடப்பக்க டிராக் முன்மூக்கின் வளைவில் அறுந்து தொங்கியது. ஏழு கண்ணிகளில் ஊசித்துளையைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடியிருந்தன. அவற்றில் இரண்டு, நகம் பட்டதுமே காய்ந்த சுள்ளிபோல் முறிந்தன. வலப்பக்கம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் சேறு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுடன் கரும்பழுப்பு பிக்மென்ட்டும் (வண்ணத்தூளும்) தண்ணீரும் கலந்து, உடலின் பக்கங்களிலும் அடியிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பியிருந்தேன். காய்ந்ததும் அது ஓடுபோல் ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அடியில் வார்னிஷ் பூசியது பூசியபடி மின்னுகிறது.

கண்ணிகள் ஏன் முறிந்தன, வண்ணம் முழுவதையும் கழுவி எடுக்காமல் சரிசெய்ய வழி உண்டா, சேற்றை உறுதியாக ஒட்டவைப்பது எப்படி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

நண்பரே, உங்கள் கண்ணிகளை முறித்தது எனாமல் வண்ணம் அன்று, அதைக் கரைத்த ஒயிட் ஸ்பிரிட்டும் நீங்கள் கொடுத்த இழுவையும் சேர்ந்து செய்த வேலை. மாடல்களின் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். ஓய்வான நிலையில் இருக்கும் பாலிஸ்டைரீன்மீது சிறிது ஒயிட் ஸ்பிரிட் பட்டு ஆவியாகிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் இழுபட்டோ வளைக்கப்பட்டோ அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் அது மணிக்கணக்கில் தேங்கினால், கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களுக்குள் ஊடுருவி, இழுவை அவற்றைப் பிளந்துகொண்டே போக வழிசெய்துவிடும். அழுத்திப் பொருத்தும் கண்ணிகளில் ஊசித்துளையின் விளிம்பு எப்போதுமே சற்று விரிந்த நிலையில்தான் இருக்கும். அதற்குமேல் ஒரு கண்ணியைக் கழற்றி இழுத்தும் மாட்டியிருக்கிறீர்கள். இழுவை மிகுதியாக இருந்த முன்வளைவில்தான் அறுந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் புரியும்.

அந்தக் கண்ணியைக் கழற்றியிருக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிற்காலத்து டாங்கிகளில் டிராக் சக்கரங்களுக்கு இடையே தொய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்தத் தொய்வும் உறுத்தும். சாய்சதுர வடிவம் கொண்ட இந்த வண்டிகளில் மேல்வரிசை டிராக் உடலின் மேல்விளிம்பின்மீதே படுத்துச் செல்கிறது. எனவே இழுத்து விறைப்பாக்குவதற்குப் பதில், நான்கைந்து இடங்களில் துளி பசை வைத்து உடலோடு படியவைத்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இழுவையை விடுவியுங்கள். இடப்பக்கம் அறுந்துவிட்டது, வலப்பக்கத்தையும் தரையில் மறையும் அடிவரிசையில் ஓர் இடத்தில் பிரித்து, கழற்றிய கண்ணியைத் திரும்பச் சேருங்கள். நன்றாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் அதுவும் ஒருநாள் அறும். பிறகு காற்றோட்டமான இடத்தில் மூன்று நான்கு நாள் அப்படியே வைத்து, கரைப்பான் முழுவதும் வெளியேறவிடுங்கள். முறிந்தவற்றுக்கு உதிரிக் கண்ணிகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், கண்ணியின் உட்பக்கத்தில், உடலைப் பார்த்திருக்கும் முகத்தில், மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எபாக்சி வைத்து ஒட்டி இணைத்துவிடலாம். சூப்பர் க்ளூ மட்டும் போதாது. அது கெட்டியாகிவிட்டால் கண்ணாடிபோல் சட்டென்று விட்டுவிடும்.

இனி டிராக்குக்கு அக்ரிலிக் வாஷே பாதுகாப்பானது. எனாமல்தான் வேண்டுமென்றால் டிராக்கை உடலில் ஏற்றுவதற்கு முன்பே, தட்டையாகக் கிடத்தி, தூரிகை நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுங்கள். தேங்குவதை ஒரு நிமிடத்துக்குள் டிஷ்யூ தாளின் முனையால் உறிஞ்சிவிட வேண்டும்.

இரண்டாம் மறுமொழி

டிராக்கைப் பற்றி முந்தையவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சேறு பெயர்ந்ததற்குக் காரணம் எளியது: பளபளப்பு வார்னிஷில் எதுவும் பிடித்துக்கொள்ள இடமில்லை, வெறும் பிளாஸ்டரில் பிடித்துக்கொள்ளும் பசையும் இல்லை. பளபளப்பில்லாத 'மேட்' வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, கலவையில் தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியமோ நீர்த்த வெள்ளைப் பசையோ சேர்த்தால் உறுதியாக நிற்கும்.

ஆனால், பெயர்ந்ததைத் திரும்ப ஒட்ட வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் காட்ட நினைப்பது காம்ப்ரே. அப்பியிருப்பதோ பெல்ஜியத்தின் ஈப்ரு களத்துச் சேறு. 1917 கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ஈப்ரு பகுதியில் மழையும் குண்டுவீச்சும் சேர்ந்து களிமண் நிலத்தைக் குழைத்து எடுத்துவிட்டன. டாங்கிகள் அங்கே புதைந்து நின்றன. காம்ப்ரே தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணமே, அங்கே நிலம் குண்டுகளால் உழப்படாமல், உறுதியாக, நீர் வடியும் சுண்ணாம்பு மண்ணாக இருந்தது என்பதுதான். துணை வண்டிகளையும் சேர்த்து 476 டாங்கிகளை அங்கே களமிறக்க முடிந்தது அதனால்தான். மேலும், 3 மில்லிமீட்டர் என்பது உண்மை வண்டியில் 10 சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு கனமான அப்பல் உங்கள் வண்டியின் பக்கத் தகடுகளில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

என் ஆலோசனை இது. எஞ்சியிருக்கும் பிளாஸ்டரை ஈரத் தூரிகையால் ஊறவைத்து நீக்கிவிடுங்கள். கரும்பழுப்பை ஒதுக்கிவிட்டு, வெளிர் சாம்பலும் மங்கிய மஞ்சளும் கலந்த இரண்டு பிக்மென்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மண் காய்ந்தால் வெளுத்துப்போகும், ஈரமாக இருக்கும் இடம் மட்டும் கருக்கும். டிராக்கின் பள்ளங்களிலும் பக்கங்களின் கீழ் மூன்றில் ஒரு பங்கிலும் குட்டைத் தூரிகையால் குத்திக் குத்திப் படியவையுங்கள். கெட்டியான கலவை டிராக் தகடுகளின் இடுக்கில் மட்டும் இருக்கட்டும். நவம்பர் மாதத்துக் காட்டுப்புல் கொஞ்சம் சிக்கியிருப்பதுபோல் நார் இரண்டொன்று சேர்த்தால் வண்டி ஓடிவந்த நிலம் எதுவென்று பார்ப்பவருக்கே தெரியும்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மண்ணைக் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திவிடக் கூடாது. மார்க் 4-இல் டிராக் உடலை முழுவதுமாகச் சுற்றி வருகிறது. கீழே அள்ளிய மண்ணை அது கூரைக்கே ஏற்றிச் செல்லும்; அங்கிருந்து உதிர்வது கூரையிலும், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பீரங்கிக் கூட்டின் மேல்தகட்டிலும் விழும். நிலம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே கீழிருந்து மேலாகத் தெறித்த மண் என்று எண்ணாமல், மேலிருந்து உதிர்ந்து தங்கிய மண் என்று எண்ணிப் பூசுங்கள்: கூரையின் ஓரங்களில் டிராக்கை ஒட்டிய கோடு, பீரங்கிக் கூட்டின்மேல் சிறு கட்டிகள், அவற்றின் கீழே தகட்டில் இறங்கும் மெல்லிய தூசிக் கோடுகள். எனக்கு இந்த வண்டிகளின்மேல் உள்ள ஈடுபாட்டுக்கே இதுதான் காரணம். வேறெந்த டாங்கியிலும் அழுக்கு இப்படி இறங்கிவருவதில்லை.

துருவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன். 1917-இல் உற்பத்தியான மார்க் 4 காம்ப்ரேக்கு வந்தபோது சில மாதங்களே ஆன வண்டி. தகடுகளில் ஆரஞ்சு நிறத் துரு வழியவிட வேண்டாம். கூரையில் பின்னோக்கிச் செல்லும் புகைக்குழாயில் மட்டும் வண்ணம் வெந்து உதிர்ந்து கரும்பழுப்புத் துரு ஏறியிருக்கலாம். டிராக் தகட்டின் வளைந்த உதட்டில் இரும்பு தேய்ந்து மின்னும். அதற்கு மென்மையான பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தாலே போதும், வெள்ளி வண்ணம் மிகையாகிவிடும்.

மாடலோடு வரும் டெக்கல் தாளில் (ஒட்டும் அடையாளப் படங்கள் உள்ள தாளில்) வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனப் பட்டைகள் இருந்தால் அவற்றை ஒட்ட வேண்டாம். காம்ப்ரேயில் கைப்பற்றிய மார்க் 4 வண்டிகளை ஜெர்மானியர் தாமே பயன்படுத்தத் தொடங்கியதால், அடையாளத்துக்காக 1918-இல் வந்த பட்டைகள் அவை. அதற்குப் பதில் அகழிகளை நிரப்ப எடுத்துச் சென்ற சுள்ளிக்கட்டு ஒன்றை முன்கூரையில் ஏற்றுங்கள். உண்மைக் கட்டு ஏறத்தாழ 10 அடி நீளம், நாலரை அடி விட்டம். உங்கள் அளவில் 87 மில்லிமீட்டருக்கு 39 மில்லிமீட்டர். சுற்றிய சங்கிலியை இரண்டு டாங்கிகள் எதிரெதிராக இழுத்து இறுக்கிய கட்டு அது. ஆகவே சுள்ளிகள் நெருக்கமாக, சங்கிலி பதிந்த இடம் சற்றுக் குழிந்து இருக்க வேண்டும்.

கேட்டவர், பன்னிரண்டு நாள் கழித்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வலப்பக்க டிராக்கைப் பிரித்தபோது, வெளியிலிருந்து தெரியாத உட்பக்கத்தில் மேலும் மூன்று கண்ணிகளில் விரிசல் தொடங்கியிருந்ததைக் கண்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் அறுந்திருக்கும். கழற்றிய கண்ணிகளை இரு பக்கமும் திரும்பச் சேர்த்தேன். உதிரியாக ஆறு கண்ணிகளே இருந்தன. மீதி நான்குக்கு உட்பக்கத்தில் பட்டை வைத்து எபாக்சியால் ஒட்டியிருக்கிறேன். அக்ரிலிக் வாஷ் பூசி ஒரு வாரம் ஆகிறது, புதிய விரிசல் எதுவும் இல்லை.

பிளாஸ்டர் முழுவதையும் நீக்கிவிட்டேன். வெளிர் மண்ணைக் கூரை ஓரத்திலிருந்து இறக்கிப் பூசியபோதுதான், முன்பு கனமாக அப்பி மறைத்திருந்த ரிவெட் வரிசைகள் அத்தனையும் மறுபடி வெளியே வந்தன. சுள்ளிக்கட்டுக்குக் காய்ந்த வேர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: மண்ணைப் பூசிய பின் கட்டை ஏற்றுவதா, ஏற்றிய பின் மண்ணா?

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

முதலில் மண், பிறகு கட்டு. தாக்குதலுக்குச் சற்று முன்புதான் கட்டை ஏற்றினார்கள். அதன் அடியில் பழைய அழுக்கு இருக்க வேண்டும், கட்டின்மேல் மண் இருக்கக் கூடாது. சுள்ளியிலிருந்து உதிர்ந்த பட்டைத் துகள் கொஞ்சம் முன்கூரையில் கிடந்தால் நன்றாக இருக்கும்.