புதுப்பிப்பு: காரை விற்றாயிற்று, புளியரை மேட்டை மின்சார ஸ்கூட்டர் ஏறுகிறது

காரை விற்றுவிட்டு மின்சார வண்டிகளோடு காலம் தள்ள முடியுமா, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துச் செங்கோட்டையிலிருந்து புளியரை மலைச்சாலை வழியாக ஆரியங்காவு கோவிலுக்கு ஏற முடியுமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கார் மே மாதம் கைமாறியது. "இரண்டு பேர் உட்கார்ந்து மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்" என்ற தென்காசி அண்ணாச்சியின் யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. ஆனால் இருவரோடு மேட்டில் அது நடை வேகத்துக்கு வந்துவிட்டது. சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் தாராளமாகப் போதும் என்பதால் மனைவிக்கு அதை வாங்கினோம். எனக்குப் பதிவெண் உள்ள ஸ்கூட்டர். முழுதாகச் சார்ஜ் ஏற ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகிறது. அம்மாவோடு ஆரியங்காவு போய்த் திரும்பியபோது பாதிக்குச் சற்றுக் குறைவாக மீதம் இருந்தது.

எதிர்பாராதது ஒன்று. அடுத்த முறை ஆரியங்காவில் உறவினர் வீட்டில் முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினேன். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, அதன் மூலம் வேகத்தை மட்டுப்படுத்தும் பிடிப்பு வேலை செய்யவே இல்லை! நிறைந்த பேட்டரியால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முடியாதாம். சாரலில் நனைந்த வளைவுகளில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி வந்தது பயமாக இருந்தது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடைமழை நாளில் அம்மாவுக்கு ஆட்டோதான்.